யாரிடமும் பகிர வேண்டாம்

ஏற்காட்டில் பனி இறங்கினால் டவர் போய்விடும்.
விலகியதும் எல்லாம் மொத்தமாக வரும்.
4018-இல் முடியும் கணக்கில் இரண்டாயிரம் வரவு,
அது கொட்டச்சேடு சின்னாண்டி.
9260-க்கு மானியம் நிராகரிப்பு,
அது தீர்த்தம்மாள்.
கடைசி நாலு எண்ணை வைத்தே
ஆளைத் தெரிகிறது எனக்கு.
எல்லாரும் என் சட்டைப்பையில்தான் அதிர்கிறார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது,
கைப்பேசி எண், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
வரிசையில் யாரிடமும் போன் இல்லை.
நாலு மணிக்கு அவர்கள் ஊருக்குக் கடைசி பஸ்.
எனக்கு மனப்பாடமாய்த் தெரிந்த பத்து இலக்கம்
என்னுடையது ஒன்றுதான்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.
இதைப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்,
பெரும்பாலும் கொண்டை ஊசி வளைவுகளில்
தனியாக வண்டி ஓட்டும்போது.

பிறந்த தேதியும் அப்படித்தான்.
"மொளகு பறிச்சு முடிஞ்ச சமயம்" என்றாள் ஒருத்தி.
"பெருமழைக்கு மறு வருசம்" என்றார் அவள் மாமனார்.
இருவரையும் ஜனவரி ஒன்றில் பிறக்க வைத்தேன்.
புத்தாண்டு விடிந்தால் வங்கி
வரிசையாக என்னை வாழ்த்துகிறது,
செத்துப்போன மூன்று பேர் சார்பாகவும்.

மார்கழியில் சடையப்பன் வந்தான்,
வெள்ளச்சியின் புருசன்.
அட்டை அவன் கையில்.
"பின் நம்பர் மறந்துட்டா. மேலுக்கு முடியல. மருந்து வாங்கணும்."
ஆறு இலக்கம் வந்தது. கீழே வழக்கமான வரி:
இதை யாரிடமும் பகிர வேண்டாம்.

யாரிடமும் என்றால் யார்?
வந்த இடத்துக்கு உரியதில்லை அது.
உரியவள் அந்நேரம்
எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள்,
நோய்நொடி இல்லாமல்.
இரண்டு, ஏழு, ஏழு என்று படித்தேன்.
அவன் பாடம் ஒப்பிப்பதுபோலத் திருப்பிச் சொன்னான்.

பணம் போன செய்தியும் எனக்குத்தான் வந்தது.
அதையாவது போய்ச் சொல்லியிருக்கலாம்.
பைக்கில் கால் மணி நேரம்.

பங்குனியில் அவளே வந்தாள்.
இருபத்தெட்டாயிரத்தைப் பற்றிப் பேசவில்லை.
கண்ணாடிமேல் ஒட்டிய தாள்கூட உரிக்காத
புதுப் போனை மேசையில் வைத்தாள்.
"என் நம்பரப் போடு."

போட்டேன்.
பழைய எண்ணுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றது திரை.
எங்கள் இருவருக்கும் நடுவில்
என் பை அதிர்ந்தது.
அவள் அவளாக இருக்க
நான் சம்மதிக்க வேண்டுமாம்.

அந்தப் பையையே பார்த்தாள்.
"இன்னும் எத்தன பேரு உள்ள இருக்கோம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
நாற்பத்தியொன்று என்றேன்.

"குடு."
கொடுத்தேன்.
அவளுக்கு எழுத்து வராது, எண் வரும்,
எடைக்கல்லில் ஏமாந்து ஏமாந்து கற்றது.
ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.
நேரம் முடிந்துவிட்டது.
"மறுக்கா அனுப்பச் சொல்லு."
மறுபடியும் முடிந்தது.
நான் அடிக்கிறேன் என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
மூன்றாம் முறை திரை பச்சையானது.

கிளம்பும்போது, பழக்க தோஷம்,
"ஒங்க நம்பரச் சேமிச்சு வச்சுக்கட்டுமா?" என்றேன்.

"எதுக்கு?"

அன்றிரவு பனி. டவர் இல்லை.
நிம்மதியாக இருந்தது என்று எழுதக் கூடாது,
இருந்தது.

விடியுமுன் விலகிவிட்டது.
7713.
மாரமங்கலம் கரியராமன்.
அவர்தான் கேட்டாரா,
அவர் பேரில் யாராவது கேட்டார்களா,
செய்தியில் இல்லை.
சாவியைத் தேடினேன்.
அவர் வீட்டுக்கு முக்கால் மணி நேரம்.
இந்த ஆறு இலக்கத்துக்குப்
பத்து நிமிடம்.